குடியரசு நாளில் ஊர் கூடி அரசமைப்பை வாசிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஊர்களில் ஜனவரி 26 என்பது கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பத்து மணிக்குள் கலைந்துவிடுகிற நாளாகிவிட்டது. அன்றைக்கு அரசமைப்புச் சட்டத்தின் சில பகுதிகளைப் பொது இடத்தில் வாய்விட்டு வாசிக்கலாமே என்று யோசிக்கும் வாசகர் வட்டங்கள், இளைஞர் மன்றங்கள், மகளிர் குழுக்கள், குடியிருப்போர் சங்கங்கள் வழக்கமாகக் கேட்கிறவை இவை. பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

நவம்பர் 26 தானே அரசமைப்பு நாள்? ஏன் ஜனவரி 26?

அரசமைப்பு நிர்ணய சபை அரசமைப்பை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. அந்த நாளை அரசமைப்பு நாளாக ஒன்றிய அரசு அறிவித்தது 2015-இல். பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அன்று முகவுரையை வாசிக்கிறார்கள். ஆனால் அது விடுமுறை நாள் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவரும் கடை வைத்திருப்பவரும் வர மாட்டார்கள். போதாக்குறைக்கு, நம் ஊரில் அது வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்கிற காலம். திறந்த வெளியில் நாற்காலி போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜனவரி 26 விடுமுறை. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். டாஸ்மாக் கடைகளும் அன்று மூடியிருக்கும் என்பதால் மாலைக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு தலைவலி குறைவு. அரங்கம் கைவசம் இருந்தால் நவம்பர் 26 தாராளமாக நடத்தலாம். தெருமுனை, திடல், பேருந்து நிலையம் என்றால் ஜனவரிதான்.

இப்படி ஊர் கூடி வாசிப்பது நமக்குப் புதுப் பழக்கமா?

இல்லை. ஜனவரி 26-க்கு அந்தப் பெருமை வந்ததே ஒரு வாசிப்பால்தான். 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானித்தது. அதற்கான உறுதிமொழியை 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் மக்கள் கூடி அந்தந்த மொழியில் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடானது. விடுதலையும் தங்கள் உழைப்பின் பலனை அனுபவிப்பதும் மக்களின் பிறப்புரிமை என்று தொடங்கும் உறுதிமொழி அது. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் நடந்தால் நல்லது, நேரத்தைப் பறையறைந்து தெரிவிக்கலாம் என்றெல்லாம் காந்தி யோசனை சொன்னார். அன்று கூடிய பெருங்கூட்டங்கள் சொற்பொழிவோ தூண்டுதல் பேச்சோ இல்லாமல் அமைதியாக உறுதியேற்றதே தன்னை அசைத்தது என்று நேரு தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அதன்பின் ஆண்டுதோறும் அந்த நாள் விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது. 1949 நவம்பரிலேயே தயாராகிவிட்ட அரசமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்ததும் இதனால்தான். ஆக, நாம் செய்யப்போவது பழையதைத் திரும்ப எடுப்பது. ‘சொற்பொழிவு இல்லாமல்’ என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

முழு அரசமைப்பையும் வாசிக்க முடியுமா?

வேண்டாம். 1949-இல் நிறைவேறியபோதே 395 உறுப்புகள் (அதாவது சட்டப் பிரிவுகள்), 8 அட்டவணைகள். பிறகு வந்த திருத்தங்களால் இன்னும் பெருத்திருக்கிறது. தேர்தல், நிதி, நீதிமன்ற அதிகார வரம்பு என்று போகும் பகுதிகளை மைக்கில் வாசித்தால் வாசிப்பவரே தூங்கிவிடுவார்.

அப்படியானால் எதை வாசிப்பது?

முகவுரை கட்டாயம். நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூட ஆகும். ஆனால் முகவுரையோடு நிறுத்திவிடுவது சாப்பாட்டுக்கு அழைத்து இலையை மட்டும் போடுவது போல. அடிப்படை உரிமைகளுக்குள் போக வேண்டும்.

உறுப்பு 14 இரண்டே வரி: சட்டத்தின் முன் எல்லோரும் சமம். 15-இன் முதல் இரண்டு உட்பிரிவுகளை விடாதீர்கள். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று இடங்களையே பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ஊர்க் கூட்டத்தில் இந்தப் பட்டியல் வரும்போது தலைகள் நிமிர்வதைப் பார்க்கலாம். எல்லோருக்கும் ஏதோ ஒரு குளம், ஏதோ ஒரு டீக்கடை நினைவுக்கு வரும்.

15(4)-க்கு நம் மாநிலத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றம் செல்லாது என்றது. இங்கே பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதையடுத்து 1951-இல் வந்த முதல் திருத்தம்தான் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற இந்த உட்பிரிவைச் சேர்த்தது. இந்தக் கதையை நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வாசியுங்கள்.

பிறகு தீண்டாமையை ஒழிக்கும் 17. பேச்சு, கூட்டம், சங்கம், நடமாட்டம், தொழில் ஆகியவற்றுக்கான சுதந்திரங்களைச் சொல்லும் 19(1). உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் 21. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தரும் 21அ. கொத்தடிமை போன்ற கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை ஆலையிலும் சுரங்கத்திலும் அமர்த்தக் கூடாது என்னும் 24, சமயச் சுதந்திரம் பேசும் 25. முடிவில் 32. உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்துக்கே நேரடியாகப் போகலாம் என்கிற அந்த உறுப்பை அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்றார் அம்பேத்கர்.

51அ-இல் உள்ள பதினோரு அடிப்படைக் கடமைகளையும் சேர்க்கலாம். உரிமைகளை விட்டுவிட்டுக் கடமைகளை மட்டும் வாசிக்கச் சொல்கிற தலைமையாசிரியர்கள் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். கடமைகள் 1976-இல், நெருக்கடி நிலைக் காலத் திருத்தத்தில் வந்தவை. பதினோராவது 2002-இல் சேர்ந்தது. உரிமைகளோ பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே இருப்பவை.

அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைக் கோட்பாடுகளில் ஒன்றிரண்டு போதும். மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்னும் 47-ஐ டாஸ்மாக் மூடியிருக்கும் நாளில் வாசித்தால் கூட்டத்தில் சிரிப்பு எழும். எழட்டும்.

எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே.

எந்தத் தமிழ் வடிவத்தை எடுப்பது?

அரசு வெளியிட்ட வடிவத்தை எடுங்கள். முகவுரைக்குப் பாடநூலில் உள்ளதும் சரி. இணையத்தில் சுற்றும் படங்களில் சொற்கள் விடுபட்டிருப்பதும் எழுத்துப் பிழைகளும் சாதாரணம். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் கொஞ்சம் மாறும். ஒன்றைத் தேர்ந்துவிட்டு எல்லோர் கையிலும் அதையே கொடுங்கள். இல்லாவிட்டால் சேர்ந்து வாசிக்கும்போது முகவுரை முதல் வரியிலேயே தடுமாறும்.

யார் வாசிக்க வேண்டும்?

நிகழ்ச்சியின் உயிரே இதில்தான் இருக்கிறது. நல்ல குரல் உள்ளவர், மேடைப் பழக்கம் உள்ளவர் என்று தேடாதீர்கள். ஓர் உறுப்புக்கு ஒருவர் என்று பிரித்துக்கொடுங்கள். 21அ-வைப் பள்ளிப் பிள்ளை வாசிக்கட்டும். 19(1)-ஐ ஆட்டோ ஓட்டுநர் சங்கத்துக்காரரோ தெருவோர வியாபாரியோ வாசிக்கலாம். 14-ஐத் திருநங்கை ஒருவர் வாசித்தால் அந்த இரண்டு வரிக்கு வருகிற எடை வேறு. பார்வையற்றவர் இருந்தால் முன்கூட்டியே பிரெயிலில் எடுத்துத் தாருங்கள், அல்லது மனப்பாடமாகச் சொல்ல விடுங்கள்.

17-ஐ யாருக்குத் தருவது என்பதில் எப்போதும் விவாதம் வரும். பட்டியல் சாதியினர் ஒருவர்தான் வாசிக்க வேண்டும் என்பார்கள் சிலர். என் கருத்து வேறு. தீண்டாமையைக் கைவிட வேண்டியவர் யாரோ அவர் வாயிலிருந்து அது வருவதும் முக்கியம். இருவர் சேர்ந்து வாசித்த இடங்களில் நன்றாகவே இருந்திருக்கிறது. ஆனால் யாரையும் வற்புறுத்தி நிறுத்தாதீர்கள், காட்சிப்பொருளாகவும் ஆக்காதீர்கள்.

பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். அரசமைப்பு நிர்ணய சபையில் பெண்கள் பதினைந்து பேர்தான். அவர்களில் அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், துர்காபாய் மூவரும் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். தாட்சாயணி அந்தச் சபையிலிருந்த ஒரே தலித் பெண். தொகுப்பாளர் இதை ஒரு வரியில் சொல்லலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஆசைப்பட்டால் பக்கத்தில் ஒருவர் மெல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லட்டும்.

சிறப்பு விருந்தினரை அழைக்கலாமா?

அழைக்கலாம். வரிசையில் ஒரு உறுப்பை வாசிக்கச் சொல்லுங்கள். நகர்மன்றத் தலைவரோ, வழக்கறிஞரோ, ஓய்வுபெற்ற நீதிபதியோ யாரானாலும் ஒரு உறுப்பு, அவ்வளவுதான். பேச்சு கிடையாது, பொன்னாடை கிடையாது, நினைவுப் பரிசு கிடையாது. இதை அழைக்கப் போகும்போதே சொல்லிவிட வேண்டும். மேடையில் வைத்துச் சொன்னால் மனத்தாங்கலாகிவிடும்.

முகவுரையை ஒரு நிமிடத்தில் கடமைக்கு வாசித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் ஆறு பேர் பேசுவதுதான் இந்த நிகழ்ச்சிகளுக்கு வருகிற வழக்கமான நோய். பேச்சு தொடங்கினால் அது அரசமைப்பைப் பற்றியதாக இருக்காது, பேசுகிறவரின் கட்சியைப் பற்றியதாக இருக்கும். ‘1930-இலேயே பேச்சில்லாமல்தான் நடந்தது’ என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையும் அதுதான், வாதமாகவும் எடுபடுகிறது.

சட்டத் தமிழ் கடினமாக இருக்கிறதே, கேட்பவர்களுக்குப் புரியுமா?

சில இடங்களில் புரியாது. ஒவ்வொரு உறுப்புக்கும் முன்னால் பேச்சுத் தமிழில் ஒன்றோ இரண்டோ வாக்கியம் எழுதி வைத்துத் தொகுப்பாளர் சொல்லட்டும். அதை ஒரு வழக்கறிஞரிடம் முன்பே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘இருந்தாலும்’, ‘இதற்கு உட்பட்டு’ என்று சட்டம் போடும் வரம்புகளை நம் விளக்கம் விழுங்கிவிடக் கூடாது. 19(1) தரும் சுதந்திரங்களுக்கு அடுத்தடுத்த உட்பிரிவுகளில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேடையிலேயே விளக்கத்தை யோசித்துப் பேச ஆரம்பித்தால் அது சொற்பொழிவாகிவிடும்.

வாசிப்பவர் தாளில் எழுத்து பெரிதாக, 18 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். மூச்சு விட வேண்டிய இடங்களில் சாய்வுக்கோடு போடுங்கள். ஒரு உறுப்புக்கு ஒரு தாள், மேல் மூலையில் வரிசை எண். முந்தின நாள் மாலை ஒரு ஒத்திகை போதும்.

கையை நீட்டி உறுதிமொழியாக எடுக்க வைக்கலாமா?

கட்டாயப்படுத்த வேண்டாம். அரசுக்கு நாம் கொடுக்கும் வாக்குறுதியில்லை முகவுரை. மக்கள் தங்களுக்குத் தாங்களே இந்த அரசமைப்பை வழங்கிக்கொள்வதாகத்தான் அது முடிகிறது. எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து வாசிப்பது அழகு. முடியாதவர் உட்கார்ந்திருக்கட்டும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

தெருவிலோ திடலிலோ என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கடிதம், இடம் யாருடையதோ அவர்களிடம் தடையில்லாக் கடிதம். குடியரசு நாளையொட்டிக் காவலர்கள் பந்தோபஸ்தில் மும்முரமாக இருப்பார்கள். பொங்கல் விடுமுறைக்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள். மனுவோடு வாசிக்கப்போகும் பகுதிகளையும் இணைத்தால் கேள்விகள் குறையும்.

ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, நீதிமன்றம், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. கூம்புக் குழாய்க்கு அனுமதி கிடைக்காது, பெட்டி ஸ்பீக்கர்தான்.

கிளை நூலகம் நல்ல இடம், ஆனால் தேசிய விடுமுறையில் பூட்டியிருக்கும். நூலகரிடமும் மாவட்ட நூலக அலுவலரிடமும் முன்பே பேசினால் வாசலையோ முற்றத்தையோ பெறலாம். பள்ளி என்றால் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும்.

மேடை, மைக் ஏற்பாடு?

மேடை வேண்டாம். தரையில், கூட்டத்தின் நடுவே ஒரு மைக் ஸ்டாண்ட். சிறுவர்களுக்கும் உயரமானவர்களுக்கும் ஏற்றி இறக்க அதன் அருகிலேயே ஓர் ஆள். இதை மறந்தால் ஒவ்வொருவரும் மைக்கோடு மல்லுக்கட்டுவதிலேயே நேரம் போகும். மின்தடைக்குப் பேட்டரி ஆம்ப்ளிஃபையர். கலெக்டர் அலுவலகக் கொடியேற்றம், பள்ளி விழா எல்லாம் காலையில் இருப்பதால் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் அன்று கிடைக்க மாட்டார்கள், முன்பணம் கொடுத்து வையுங்கள். மாலை ஐந்து மணி பல ஊர்களுக்கு ஒத்துவருகிறது.

தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடக்கம், நாட்டுப்பண்ணில் முடிவு.

ஊருக்கு எப்படித் தெரிவிப்பது?

நோட்டீஸ், வாட்ஸ்அப் குழு, ஆட்டோவில் மைக். தண்டோரா போடலாமே என்று யாராவது ஆசையாகச் சொல்வார்கள். வேண்டாம். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். குறிப்பிட்ட சாதியார் தலையில் காலங்காலமாகக் கட்டப்பட்ட வேலை அது. 17-ஐ வாசிக்கப் போகிற கூட்டத்துக்கு அப்படி ஆள் கூப்பிடுவது பொருந்தாது. பறையைக் கலையாக வாசிக்கிற குழு விரும்பி வந்து வாசித்தால் அது வேறு விஷயம்.

“சமதர்ம, சமயச்சார்பற்ற என்ற சொற்கள் பிறகு நுழைக்கப்பட்டவை, பழைய முகவுரையை வாசியுங்கள்” என்று ஒருவர் எழுந்தால்?

1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் வந்தவை என்பது சரி. ஒருமைப்பாடு என்பதும் அப்போதுதான் சேர்ந்தது. அந்த இரண்டு சொற்களையும் நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நடைமுறையில் உள்ள முகவுரையை வாசிக்கிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த உறுப்புக்குப் போங்கள். வாதத்தை மேடையில் நடத்தாதீர்கள், டீ குடிக்கும்போது நடத்தலாம்.

அரசமைப்பை விமர்சிப்பவர்களையும் வாசிக்க அழைக்கலாமா?

அழைக்க வேண்டும். அதை எழுதுவதில் முன்னின்ற அம்பேத்கரே, அதை எரிக்கும் முதல் ஆளாகத் தானே இருப்பேன் என்று 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில் கொதித்தவர். தமிழ்நாட்டில் நவம்பர் 26-க்கு இன்னொரு நினைவும் உண்டு. 1957-இல் அதே நாளில், சாதியைக் காப்பாற்றுகிற பகுதிகளை எதிர்த்துப் பெரியாரின் அழைப்பில் திராவிடர் கழகத்தினர் ஊர் ஊராக அரசமைப்பை எரித்துச் சிறை போனார்கள். எரிப்பது அன்றும் இன்றும் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் சட்ட வழியில் திருத்தம் கோரி விமர்சிப்பது குற்றமில்லை என்று 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. பெரியார் இயக்கத்துத் தோழர் ஒருவர் 17-ஐயோ 25-ஐயோ வாசிக்க முன்வந்தால் அதைவிட நல்ல வாசகர் கிடைப்பது அரிது. எதை எதிர்க்கிறோம் என்று வரி வரியாகப் படித்தவர்கள் அவர்கள்.

கொடி ஏற்ற வேண்டுமா?

அவசியமில்லை. ஏற்றினால் கொடி விதிகளைப் பாருங்கள். மேசை விரிப்பாகவோ அலங்காரத் துணியாகவோ கொடியைப் போடக் கூடாது. ஊராட்சித் தலைவர் கொடியேற்றுகிற இடத்தோடு சேர்த்து நடத்தினால், அவர் எந்தச் சாதியானாலும் அவரே ஏற்றட்டும். தலித் தலைவர்களைத் தடுப்பது தொடர்ந்து செய்தியாக வந்ததால்தான் 2022-இல் இதற்கும் தலைமைச் செயலர் தனிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கிராம சபையிலேயே வாசிக்கலாமா?

நல்ல யோசனை. ஜனவரி 26 கிராம சபை நாள், பெரும்பாலும் காலை 11 மணிக்குத் தொடங்கும். ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் முன்பே சொல்லி, தொடக்கத்தில் பத்து நிமிடம் வாங்குங்கள். முகவுரை, 15(2), 17, கிராம சபைக்கு இடம் தரும் 243அ. அதற்கு மேல் நீட்டினால் குடிநீரும் நூறு நாள் வேலையும் பேச வந்தவர்கள் கோபப்படுவார்கள், நியாயமாக.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே?

திருப்பூர், ஓசூர், திருப்பெரும்புதூர்ப் பக்கம் இது முக்கியமான கேள்வி. முகவுரையை இந்தி, வங்காளம், ஒடியா மொழிகளில் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். 19(1)-இல் நாட்டின் எந்தப் பகுதியிலும் தங்கும் உரிமை வருகிறது. அதையும் அவர்கள் மொழியில் ஒருமுறை.

வேறு எங்கே இப்படி நடக்கிறது?

கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் அரசமைப்பைச் சொல்லிக்கொடுத்து, 2023 ஜனவரியில் முழு அரசமைப்பு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தார்கள். கர்நாடகத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று மாநிலம் முழுக்க முகவுரை வாசிப்பு நடந்தது. அயர்லாந்தின் டப்ளினில் ஈஸ்டர் ஞாயிறன்று பொது அஞ்சலகத்தின் முன் 1916-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தை ராணுவ அதிகாரி ஒருவர் வாசிக்கிறார். அமெரிக்காவின் பாஸ்டனில், 1776-இல் அந்த நகருக்கு விடுதலைப் பிரகடனம் முதலில் வாசிக்கப்பட்ட அதே மாடத்திலிருந்து ஜூலை 4 தோறும் வாசிக்கிறார்கள்.

நமக்குப் பாடமாக எடுக்க வேண்டியது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊர்களில் நடக்கும் இன்னொரு வாசிப்பை. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், ‘அடிமைக்கு உங்கள் ஜூலை 4-இல் என்ன இருக்கிறது’ என்று 1852-இல் கேட்ட உரையை, ஆளுக்கொரு பத்தியாக ஊர்மக்கள் மாறி மாறி வாசிக்கிறார்கள். நாமும் 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் நிர்ணய சபையில் ஆற்றிய உரையிலிருந்து ஒரு பகுதியை இப்படி வாசிக்கலாம். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம் என்று அவர் எச்சரித்த பகுதி அது.

நேரம் போதவில்லை என்றால் எதை வெட்டுவது?

முதலில் நன்றியுரை. அடுத்து வரவேற்புரை. அப்புறமும் இடிக்கிறது என்றால் 51அ-வின் பதினொன்றில் சிலவற்றையும் 47-ஐயும் விடலாம். வாசிக்க வந்து வரிசையில் நிற்கிற ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். அவருடைய உறுப்பு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தால் முகவுரையை இன்னொருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.